குழந்தைக்கு மூலமோன்னு பயமா இருக்கா? மொதல்ல என்ன பாக்கணும், வீட்ல என்ன பண்ணணும்

குழந்தைய கழுவி விடும்போது பின்னாடி சின்னதா கட்டி மாதிரி ஏதோ கைல தட்டுப்படும், இல்ல மலத்து மேல சிவப்பா ரத்தம் கோடு போட்டிருக்கும், பாத்த உடனே நம்ம வாயில வர்ற மொத வார்த்தை மூலம்தான். எனக்கும் அப்படித்தான். என் பையனுக்கு அப்ப நாலரை வயசு, டாய்லெட்ல ரெண்டு சொட்டு ரத்தம் பாத்துட்டு கை கால் நடுங்கிப் போச்சு, இந்த வயசுலயே பைல்ஸா, ஆபரேஷன் வரைக்கும் போயிடுமோன்னு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அதே பயத்தோட நீங்க இத படிக்கிறீங்கன்னா ஒன்ன முன்னாடியே சொல்லிடறேன், சின்ன குழந்தைங்களுக்கு நிஜமான மூலம் வர்றது ரொம்ப அபூர்வம். மூலம்னு நெனச்சு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுற குழந்தைங்கள்ல நெறைய பேருக்கு இருக்கறது ஆசனவாய் ஓரத்துல ஒரு சின்ன வெடிப்பு, ஃபிஷர்னு சொல்வாங்க. அந்த வெடிப்ப உண்டாக்குறது மலச்சிக்கல். அதனால கீழ நான் எழுதியிருக்கறதுல பெரும்பகுதி மலத்த இளக்குறது பத்தியும் குழந்தையோட பயத்த போக்குறது பத்தியும்தான், களிம்பு பத்தி கொஞ்சம்தான் வரும்.

மூலம் ஏன் அபூர்வம்னா, ஆசனவாய்க்குள்ள நம்ம எல்லாருக்குமே ரத்தக்குழாய் நெறஞ்ச மெத்து மெத்துன்னு திசு இருக்கு, மலமும் காத்தும் கசியாம மூடி வைக்கிறதுக்கு அது உதவுது. வருஷக்கணக்கா முக்கி முக்கி அந்த திசு வீங்கி கீழ சரிஞ்சா அதத்தான் மூலம்னு சொல்றோம். குழந்தைங்களுக்கு அவ்வளவு வருஷம் இன்னும் ஆகல. ஆனா வரவே வராதுன்னும் இல்ல, மாசக்கணக்கா மலச்சிக்கல் இருக்கற குழந்தை, கையில போன வச்சுக்கிட்டு டாய்லெட்லயே அரை மணி ஒரு மணின்னு உக்காந்திருக்கற கொஞ்சம் பெரிய பசங்க, இவங்களுக்கு வரலாம். இன்னொரு காரணம் கல்லீரல் நோய். கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல அழுத்தம் ஏறுனா கீழ ஆசனவாய்ப் பக்கம் இருக்கற குழாய்ங்களும் புடைக்கும். அதனால உங்க குழந்தைக்கு முன்னாடி நீண்ட நாள் மஞ்சள் காமாலை இருந்திருந்தாலோ, வயிறு வீங்கியிருந்தாலோ, மண்ணீரல் பெருசா இருக்குன்னு யாராவது சொல்லியிருந்தாலோ, அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

இப்ப வீட்ல எப்படி பாக்கறதுன்னு சொல்றேன். பாக்கறதுக்கு முன்னாடி குழந்தைகிட்ட கேளுங்க, "உனக்கு எங்க வலிக்குதுன்னு அம்மா ஒரு தடவ பாக்கட்டுமா, வலிக்கற எடத்த தொட மாட்டேன், பாக்க மட்டும்தான்"னு சொல்லிட்டு, சொன்ன மாதிரியே அந்த எடத்த தொடாம பாருங்க. வலியில இருக்கற குழந்தைய ரெண்டு பேர் அமுக்கிப் புடிச்சு பாத்தா அதோட முடிஞ்சது, அடுத்த தடவ பக்கத்துலயே விடாது. இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சு, முட்டிய நெஞ்சுப் பக்கம் மடக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்துல, பிட்டத்த மெதுவா விலக்கிப் பாத்தாலே போதும். விரல உள்ள விட்டுப் பாக்கற வேலையே வேண்டாம், அது டாக்டர் வேலை.

என்னென்ன தெரியலாம்னா, ஓரத்துல மெல்லிசா கிழிஞ்ச மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா அது ஃபிஷர், பெரும்பாலும் முதுகெலும்பு பக்கம் நடுவுல இருக்கும். ரத்தம் பளிச்சுன்னு சிவப்பா மலத்து மேல பூசுன மாதிரியோ, துடைக்கும்போதோ தெரியும், போகும்போது எரியும், குழந்தை கத்தும். வெடிப்பு பழசாயிட்டா அதோட வெளி நுனியில தோல் கொஞ்சம் தடிச்சு சின்ன மடிப்பா தொங்கும். இந்த மடிப்பத்தான் முக்காவாசி பேர் மூலம்னு நெனச்சுக்கறோம், எங்க வீட்லயும் கைல தட்டுப்பட்டது இதுதான். கரு நீலமா பட்டாணி சைஸ்ல, தொட்டா உயிர் போற மாதிரி வலிக்கற கட்டி திடீர்னு வந்தா அது ரத்தம் உறைஞ்ச வெளி மூலமா இருக்கலாம். முக்கும்போது செவப்பா ஈரமா வட்டமா ஒரு வளையம் மாதிரி சதை வெளிய தள்ளிட்டு வந்தா அது மூலம் இல்ல, மலக்குடலே கீழ இறங்கி வருது, ஒன்னுலேர்ந்து நாலு வயசு குழந்தைங்ககிட்ட இது பாக்கறதுதான், மலச்சிக்கல், விடாத வயித்துப்போக்கு, சத்துக்குறைவு, குடல் புழு, நாள்பட்ட இருமல்னு பல காரணம் இருக்கு. வலியே இல்லாம அப்பப்ப ரத்தம் மட்டும் வந்தா உள்ள பாலிப்னு ஒரு சதை வளர்ச்சி இருக்கலாம், குழந்தைங்களுக்கு வர்ற பாலிப் பெரும்பாலும் ஆபத்தில்லாதது, ஆனா டாக்டர் பாத்து எடுக்கணும். சுத்தி தோல் எல்லாம் வரைஞ்சு வச்ச மாதிரி ஓரம் தெளிவா, பளபளன்னு செக்கச் செவேல்னு இருந்தா அது ஒரு பாக்டீரியா தொற்றா இருக்கலாம், அதுக்கு ஆன்டிபயாடிக் வேணும், டயப்பர் க்ரீம்ல போகாது. ராத்திரி ஆனா மட்டும் பின்னாடி சொறிஞ்சுக்கிட்டு தூங்காம புரள்றாங்கன்னா கீரிப்பூச்சி. தூங்கி ஒரு ரெண்டு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தா வெள்ளை நூல் துண்டு மாதிரி நெளியறது தெரியும். அதுக்கு பூச்சி மருந்து டாக்டர் சொல்ற அளவுல, வீட்ல இருக்கறவங்க எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ சாப்பிடணும்.

செவப்பா தெரிஞ்சதெல்லாம் ரத்தமும் இல்ல, பீட்ரூட் சாப்பிட்டாலும் கலர் போட்ட இனிப்பு சாப்பிட்டாலும் அப்படித்தான் இருக்கும். நேத்து என்ன சாப்பிட்டாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

வீட்ல பாத்துக்கிட்டு இருக்கக்கூடாத நேரம்

இத இங்கயே சொல்லிடறேன், கீழ வரைக்கும் படிக்காம போயிட்டா கஷ்டம். ரத்தம் கோடு மாதிரி இல்லாம நெறைய போகுது, மலம் தார் மாதிரி கருப்பா இருக்கு, குழந்தை வெளுத்துப் போய் சோர்ந்து கெடக்கு, வயிறு கல்லு மாதிரி உப்பியிருக்கு, பச்சையா வாந்தி எடுக்குது, காய்ச்சலோட ஆசனவாய் பக்கத்துல வீங்கி சீழ் கோத்த மாதிரி இருக்கு, வெளிய வந்த சதை உள்ள போகவே இல்ல, இதுல எது இருந்தாலும் அன்னிக்கே, அப்பவே ஆஸ்பத்திரிதான். கைக்குழந்தை கொஞ்ச நேரம் கால மடக்கி வீறிட்டு அழுது, அப்புறம் அடங்கிப் போய், மறுபடி அழுது, மலத்துல ஜெல்லி மாதிரி செவப்பா வந்தா ஒரு நிமிஷம் கூட காத்திருக்காதீங்க, குடலுக்குள்ள குடல் சொருகிக்கற அவசர நிலை அது. பொறந்து 48 மணி நேரத்துக்குள்ள மொத மலம் போகாத குழந்தை, ஒரு மாசம்கூட ஆகாத குழந்தைக்கு மலச்சிக்கல், எடை ஏறவே இல்ல, கால்ல பலம் இல்லாத மாதிரி நடக்குது, இதெல்லாம் வேற நோயோட அறிகுறியா இருக்கலாம், டாக்டர் கண்டிப்பா பாக்கணும். ஒரு வயசுக்குள்ள எவ்வளவு கொஞ்சமா ரத்தம் வந்தாலும் காட்டிடுங்க.

மலக்குடல் வெளிய வந்திருந்தா பதறாதீங்க, குழந்தைய படுக்க வச்சு, ஈரமான சுத்தமான மெல்லிய துணிய வச்சு மெதுவா ஒரே சீரா அழுத்திக்கிட்டே இருந்தா பெரும்பாலும் உள்ள போயிடும். போனாலும் அப்புறம் டாக்டர்கிட்ட காட்டணும், போகலன்னா துணி ஈரமா இருக்கற மாதிரியே சுத்திக்கிட்டு கிளம்பிடுங்க.

முக்குறாங்களா, அடக்குறாங்களா

எனக்கு கண்ண தொறந்து விட்டது இந்த ஒரு விஷயம்தான். என் பையன் ஆய் வர்ற நேரம் பாத்து கதவுத் திரைக்குப் பின்னாடி போய் நின்னுக்குவான். கதவு கைப்பிடிய ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சுக்கிட்டு, கால் ரெண்டையும் பின்னிக்கிட்டு, குதிகால தூக்கி நுனிக்கால்ல நின்னு, மூஞ்சி எல்லாம் செவந்து, நெத்தியில வேர்வை அரும்பும். நான் பாவம் புள்ள முக்குறான்னு நெனச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்து "முக்கு சாமி, முக்கு"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். டாக்டர் அடிவயித்துல இடது பக்கம் மெதுவா அழுத்திப் பாத்துட்டு, என் கைய எடுத்து அதே எடத்துல வச்சாங்க, உருண்டை உருண்டையா கல்லு மாதிரி தட்டுப்பட்டுச்சு. "இவன் முக்கலம்மா, வர்றத அடக்குறான், ஒரு தடவ வலிச்சுடுச்சு, இனிமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டான்"னு சொன்னாங்க.

அது எப்படின்னா, ஒரு தடவ கெட்டியா போய் வலிக்குது, குழந்தை பயந்து அடுத்த தடவ அடக்கிடுது, அடக்கி வச்ச மலத்துலேர்ந்து குடல் தண்ணிய உறிஞ்சிக்கிட்டே இருக்கும், மலம் இன்னும் கெட்டியா பெருசா ஆகும், அது வெளிய வரும்போது வெடிப்பு மறுபடி கிழியும், பயம் ரெட்டிப்பாகும். இப்படியே போனா மலக்குடல் விரிஞ்சு விரிஞ்சு, நெறஞ்சிருக்குன்னு சொல்ற உணர்ச்சியே மங்கிடும். அப்ப கெட்டி மலத்த சுத்திக்கிட்டு இளகலானது குழந்தைக்கே தெரியாம ஜட்டில கசியும். நாம அத பேதின்னு நெனச்சு பேதிக்கு மருந்து குடுத்தா நெலமை இன்னும் மோசம். சேட்டை பண்றான்னு நெனச்சு நான் திட்டிக்கூட இருக்கேன், இன்னிக்கும் அத நெனச்சா மனசு கனக்குது. தயவு செஞ்சு அந்த ஜட்டிக்காக குழந்தைய திட்டாதீங்க, அது அவங்க கைல இல்ல.

கைக்குழந்தை வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒன்பது மாசத்துக்குள்ள இருக்கற குழந்தை பத்து நிமிஷம் மூஞ்சிய செவக்க வச்சு அழுது முக்கிட்டு, கடைசியில இளகலாவே போச்சுன்னா அது மலச்சிக்கல் இல்ல, எத இறுக்கணும் எத தளர்த்தணும்னு இன்னும் பழகல, தானா சரியாகும். தாய்ப்பால் மட்டும் குடிக்கற குழந்தை சில நாள் போகாம இருந்து அப்புறம் இளகலா போனாலும், எடை ஏறிக்கிட்டு நல்லா பால் குடிச்சா பயப்பட வேண்டியதில்ல.

வலிய எப்படி குறைக்கறது

வெதுவெதுப்பான தண்ணிய அகலமான டப்புல இடுப்பு நனையற அளவுக்கு ஊத்தி 10லேர்ந்து 15 நிமிஷம் உக்கார வைங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ, முக்கியமா ஆய் போன உடனே. உங்க முழங்கைய விட்டுப் பாருங்க, சுடக்கூடாது. உப்பு, டெட்டால், சோப்பு எதுவும் போடாதீங்க, வெறும் தண்ணிதான். இறுகிக்கிட்டு இருக்கற தசை தளர்ந்து கொடுக்கும், வலி அதுலயே பாதி குறையும். கூட நின்னு ரெண்டு பொம்மைய போட்டு வெளையாடுங்க, தனியா விட்டுட்டு நகராதீங்க. அப்புறம் மெத்துன துணியால ஒத்தி எடுத்துட்டு, பெட்ரோலியம் ஜெல்லிய லேசா ஓரத்துல தடவுங்க. கழுவறதுக்கும் வெறும் தண்ணி போதும், வாசனை போட்ட வைப்ஸ் எரியும்.

பெரியவங்க பைல்ஸுக்கு போடற களிம்ப எடுத்து குழந்தைக்கு போடவே போடாதீங்க. எனக்கு மருந்துக் கடையில அதைத்தான் எடுத்துக் குடுத்தாங்க, நானும் ரெண்டு நாள் போட்டுட்டேன். அந்த மாதிரி களிம்புல ஸ்டீராய்டு இருக்கலாம், நாளாக நாளாக தோல் மெலிஞ்சுடும். சிலதுல மரத்துப் போற மருந்து இருக்கும், குழந்தையோட மெல்லிசான தோல் வழியா ரத்தத்துல கலந்துடும். அதுல பென்சோகெய்ன்னு ஒன்னு ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கறதையே கெடுத்துடும், ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்களுக்கு ரொம்ப ஆபத்து. வெளி மூலமாவே இருந்தாலும் குழந்தைங்களுக்கு மொத வைத்தியம் இதே வெதுவெதுப்பான தண்ணியும் மலத்த இளக்குறதும்தான், உறைஞ்ச ரத்தம் கொஞ்ச வாரத்துல தானா கரையும், வலி தாங்க முடியாத அளவுக்கு இருந்தா மட்டும் டாக்டர் வேற முடிவு எடுப்பாங்க. ஊசி போட்டு கரைக்கறேன், நூல் கட்டறேன், சுட்டு எடுக்கறேன்னு யாராவது சொன்னா குழந்தைய தூக்கிக்கிட்டு வெளிய வந்துடுங்க, மொதல்ல குழந்தைங்க டாக்டர் அது மூலம்தான்னு உறுதி பண்ணட்டும்.

சோப்புத் துண்ட சீவி உள்ள வைக்கறது வேண்டாம், உள்தோல் புண்ணாகும். ஒரு வயசுக்குள்ள தேன் குடுக்கவே கூடாது, பாட்டுலிசம்ங்கற நச்சு நோய் வர வாய்ப்பு இருக்கு. லிக்விட் பாரஃபின் மாதிரி எண்ணெய் மருந்த கைக்குழந்தைக்கு குடுத்தா புரையேறி நுரையீரலுக்குள்ள போயிடும். எனிமாவும் அப்படித்தான், டாக்டர் சொல்லாம வீட்ல நீங்களா குடுக்காதீங்க, ஏற்கனவே பயந்து போயிருக்கற குழந்தைக்கு அது இன்னொரு பயம்.

மலத்த இளக்குறது

உணவ மட்டும் மாத்துனா சரியாயிடும்னு நானும் நம்புனேன். லேசான மலச்சிக்கலுக்கு சரியாகும். ஆனா உள்ள பெரிய கட்டியா அடைச்சு நிக்கும்போது நார்ச்சத்த மட்டும் ஏத்துனா வயிறு இன்னும் உப்பும், மொதல்ல அடைப்பு போகணும். அதுக்கு குழந்தைங்களுக்கு டாக்டருங்க அதிகமா எழுதறது பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர், அதுக்கு அடுத்து லாக்டுலோஸ் சிரப். ரெண்டும் குடல் உள்ள தண்ணிய தேக்கி வச்சு மலத்த இளகலா வைக்கும். எடைக்கு ஏத்த அளவ டாக்டர்தான் சொல்லணும், அடைப்ப எடுக்க மொத சில நாளைக்கு அதிக அளவும், அப்புறம் தெனமும் கம்மி அளவும் குடுப்பாங்க. பவுடர சொன்ன அளவு தண்ணியில முழுசா கரைச்சு குடுங்க, தண்ணிய கொறைக்காதீங்க, மருந்து வேலை செய்யறதே அந்த தண்ணியாலதான்.

இங்கதான் முக்காவாசி வீட்ல தப்பு நடக்குது. ஒரு வாரம் நல்லா போச்சு, ரத்தம் இல்ல, மருந்து பழக்கமாயிடும்னு பயந்து நிறுத்திடறோம். நானும் பத்தாவது நாள் நிறுத்துனேன், அடுத்த வாரமே திரைக்குப் பின்னாடி போய் நின்னுட்டான். இந்த மருந்து குடல சோம்பேறி ஆக்காது. விரிஞ்சு போன மலக்குடல் பழைய அளவுக்கு சுருங்கவும், வலிக்காதுங்கற நம்பிக்கை குழந்தைக்கு வரவும் மாசக்கணக்குல ஆகும். கொறஞ்சது ரெண்டு மாசம் தொடர்ந்து குடுத்து, எந்தத் தொந்தரவும் இல்லாம ஒரு மாசமாவது போன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும்னு குழந்தைங்க குடல் டாக்டருங்களோட வழிகாட்டுதல்லயே இருக்கு. மலம் எப்படி இருக்கணும்னு கேட்டா, வழுவழுன்னு, இளகலா, பாதியில உடையாம வர்றது சரி. ஆட்டுப் புழுக்கை மாதிரியோ, உருண்டைங்க ஒட்டுன கட்டை மாதிரியோ வந்தா மருந்து பத்தல, தண்ணியா போனா கொஞ்சம் அதிகம், டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கோங்க. ஒரு நோட்டுல தேதி போட்டு எப்படி போச்சு, ரத்தம் இருந்துச்சா, ஜட்டில கசிஞ்சுதான்னு ஒரு வரி எழுதுங்க, அத பாத்தே டாக்டர் பாதி புரிஞ்சுக்குவாங்க.

சாப்பாட்டுல நார்ச்சத்துக்கு ஒரு எளிய கணக்கு, ரெண்டு வயசுக்கு மேல இருந்தா வயசோட 5 கூட்டிக்கோங்க, அத்தனை கிராம் ஒரு நாளைக்கு, ஆறு வயசுன்னா 11 கிராம். பழம், காய்கறி, பயறு, முழு தானியம்னு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. பேரிக்காய், பிளம்ஸ் மாதிரி பழத்துல சார்பிட்டால்னு ஒரு இயற்கை சர்க்கரை இருக்கு, அது மலத்த இளக்கும். தண்ணி தாகத்துக்குத் தேவையான அளவு போதும், லிட்டர் லிட்டரா குடிக்க வச்சா மலச்சிக்கல் போயிடாது. பால் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல போகுதான்னு பாருங்க, பால்லயே வயிறு ரொம்பிட்டா வேற எதுவும் சாப்பிட மாட்டாங்க.

உக்கார வைக்கறது

சாப்பிட்ட உடனே பெருங்குடல் தானா அசைய ஆரம்பிக்கும், அந்த நேரத்த விடாதீங்க. காலை சாப்பாட்டுக்கு அப்புறமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் அரை மணி நேரத்துக்குள்ள 5லேர்ந்து 10 நிமிஷம் உக்கார வைங்க, வந்தாலும் சரி வரலன்னாலும் சரி, நேரம் ஆனா எழுப்பிடுங்க. பெரியவங்க டாய்லெட்ல உக்கார வச்சா கால் அந்தரத்துல தொங்கும், கால் ஊனாம வயித்துக்கு பலம் வராது. காலுக்கு கீழ ஒரு சின்ன ஸ்டூல் போட்டு, முட்டி இடுப்ப விட கொஞ்சம் மேல இருக்கற மாதிரி வச்சு, முன்னாடி சாஞ்சு முழங்கைய தொடையில ஊன சொல்லுங்க. ஓட்டை பெருசா இருந்தா குழந்தைங்க சீட் ஒன்ன மேல போடுங்க, உள்ள விழுந்துடுவோம்ங்கற பயத்துலயே இறுக்கிக்குவாங்க. "முக்கு"ன்னு நான் சொன்ன தப்ப நீங்க சொல்லாதீங்க. அதுக்கு பதிலா சோப்புக் குமிழி ஊத குடுங்க, இல்ல பலூன் ஊத சொல்லுங்க, ஊதும்போது வயிறு தானா தள்ளும், கீழ தசை தளரும். என் பையன் மொத தடவ வலிக்காம போனது குமிழி ஊதிக்கிட்டு இருக்கும்போதுதான், அவனே நம்பாம குனிஞ்சு பாத்துட்டு "அம்மா, எரியவே இல்ல"ன்னான்.

உக்காந்ததுக்கு பாராட்டுங்க, ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க, ஆய் போனாத்தான் பரிசுன்னு வைக்காதீங்க. டயப்பர்ல மட்டும்தான் போவேன்னு அடம் புடிக்கற குழந்தையா இருந்தா டாய்லெட் பழக்கத்த கொஞ்ச நாள் தள்ளி வைங்க, மொதல்ல வலி போகட்டும். ஸ்கூல் போற குழந்தைன்னா டீச்சர்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லி வைங்க, கேட்ட உடனே அனுப்பணும்னு, அங்க டாய்லெட் பிடிக்காம சாயங்காலம் வரைக்கும் அடக்குற குழந்தைங்க நெறைய.

ஃபிஷர் மலம் இளகிட்டாலே பெரும்பாலும் சில வாரத்துல ஆறிடும். அந்த தோல் மடிப்பு மட்டும் மாசக்கணக்கா இருக்கலாம், வலி இல்லன்னா அத ஒன்னும் பண்ண வேண்டாம், விட்டுடுங்க. நான் சொன்னதெல்லாம் சரியா பண்ணி ஆறேழு வாரம் ஆகியும் வெடிப்பு ஆறல, இல்ல பக்கவாட்டுல வெடிப்பு, நாலஞ்சு எடத்துல தடிச்ச தோல், கூட வயித்துவலி, எடை கொறையுதுன்னா குழந்தைங்க குடல் டாக்டர்கிட்ட காட்டுங்க, க்ரோன்ஸ்னு ஒரு குடல் அழற்சி சில சமயம் இப்படித்தான் ஆரம்பிக்கும். காய்ச்சல், வெளியூர் பயணம், புது ஸ்கூல்னு ஏதாவது வந்தா மலச்சிக்கல் திரும்ப எட்டிப் பாக்கும், அதனால நோட்ட தூக்கிப் போடாதீங்க, ரெண்டு நாள் போகலன்னு தெரிஞ்ச அன்னிக்கே டாக்டர் சொல்லி வச்ச அளவுல மருந்த திரும்ப ஆரம்பிச்சுடுங்க.